அலுவலக வதிவிட ஒன்றுகூடலுக்குப் போகத்தான் வேண்டுமா?

யூன் 3, 2024: கோண்டாவில் வாசகி ஒருவரின் கேள்வி

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். பொசன் போயா விடுமுறையையும் அதையடுத்த சனிக்கிழமையையும் சேர்த்து, எல்லோரும் நெடுந்தீவுக்குப் போய் ஓர் இரவு தங்கி வரவேண்டுமென்று முகாமையாளர் அறிவித்திருக்கிறார். பகலில் கொழும்பிலிருந்து வரும் வளவாளர் பயிற்சி நடத்துவார், இரவில் கலை நிகழ்ச்சி என்கிறார்கள். எனக்கு மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. வராதவர்கள் குழு உணர்வு இல்லாதவர்கள் என்று ஒரு பேச்சும் அடிபடுகிறது. இப்படியான ஒன்றுகூடல்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? போகாமல் விட்டால் என்ன ஆகும்?

யூன் 3, இரவு

சகோதரி, உங்கள் கேள்விக்கும் அதன்கீழ் மற்றவர்கள் எழுதும் கருத்துகளுக்கும் இங்கே நாளுக்கு நாள் பதில் எழுதுகிறேன். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, ஏ9 வீதி திறந்த காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் அரச சார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்து வருகிறேன். வதிவிடச் செயலமர்வு, குழுக் கட்டியெழுப்பல், வருடாந்த ஒன்றுகூடல் என்று வெவ்வேறு பெயர்களில் நடந்தவற்றில் கலந்துகொண்டிருக்கிறேன். நலன்புரிச் சங்கச் செயலாளராக இருந்த காலத்தில் சிலவற்றை நானே ஒழுங்குசெய்தும் இருக்கிறேன். பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில், உண்டு என்பதே. ஆனால் அந்தப் பயன் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில் எழுதப்பட்ட இடத்தில் கிடைப்பதில்லை. பயிற்சிகளும் விளையாட்டுகளும் வேறெங்கோ உள்ள மனிதர்களை மனதில் வைத்து ஆக்கப்பட்டவை. அவற்றை இங்கே கொண்டுவந்து, நமது ஆட்களின் மேல் அப்படியே இறக்கும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். இன்று நேரமில்லை.

பிள்ளை விடயத்தில் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரவு தங்க முடியாது என்று முகாமையாளரிடம் நேரடியாக, எழுத்தில், காரணத்துடன் சொல்லுங்கள். கடைசி நாள் காலையில் காய்ச்சல் என்று சொல்வதைவிட அது உங்களுக்கு மரியாதை. உங்களைப் போலத் தயங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் அது வழிவிடும்.

யூன் 4

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை நேரம்; வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. போயா நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை நாட்சம்பளம் கொடுக்கவேண்டும். நிறுவனம் ஓர் ஒன்றுகூடலுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்கிறது என்றால், அங்கே வளவாளர் வைத்துப் பயிற்சி கொடுக்கிறது என்றால், அது வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். உல்லாசப் பயணம் என்று சொல்வார்களானால் விருப்பமுள்ளவர் மட்டும் போகட்டும். கட்டாயம் என்று சொல்லும்போது வேலை, கொடுப்பனவு கேட்கும்போது உல்லாசம் என்று இரண்டு முகம் காட்டக்கூடாது.

என் அனுபவத்தில் மிக நன்றாக நடந்த ஒன்றுகூடல் செவ்வாயும் புதனும் நடந்தது. வார நாள் என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை, வீட்டில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. வார நாளைக் கொடுக்க நிர்வாகத்துக்கு மனம் வருமா என்பதிலேயே அந்த ஒன்றுகூடல் யாருக்காக நடத்தப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

யூன் 4, பின்னேரம்

நெடுந்தீவு பற்றி. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகுப் பயணம் இரண்டு மணி நேரம் என்று ஒருவர் கருத்தில் எழுதியிருப்பது சரியல்ல. வழமையாக ஒரு மணி நேரம் அளவில் போய்ச் சேரலாம். ஆனால் யூன் மாதம் சோளகக் காற்று வீசும் காலம். கடல் குழம்பியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் வாந்தியெடுத்துக் களைத்துத்தான் கரையேறுவார்கள். கொழும்பு வளவாளர் காலை ஒன்பதரைக்குத் தொடங்குவார் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தால், தயவுசெய்து அதைப் பதினொன்றாக மாற்றச் சொல்லுங்கள்.

தீவு பார்க்கவேண்டியது. முருகைக்கல் அடுக்கிய வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு எல்லாம் ஒரு பகலுக்குள் பார்க்கக்கூடியவை. இரவு தங்கவேண்டிய தேவை பயிற்சியால் வருவதல்ல, திரும்பும் படகின் நேரத்தால் வருவது. அப்படியானால் பிள்ளைக்காரர்களை வைத்துக்கொண்டு ஏன் தீவைத் தெரிவுசெய்ய வேண்டும்? மணற்காட்டுச் சவுக்கங்காட்டு நிழலில் இருந்து பேசலாம். மண் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. படகிலேயே பாட்டுக்குப் பாட்டு வைக்கலாம் என்று ஒரு தம்பி ஆலோசனை சொல்லியிருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் நெடுந்தீவைச் சேர்ந்த வயதான உத்தியோகத்தர் யாராவது இருந்தால், அவரிடம் முதலில் கேளுங்கள். 1985 மே 15ஆம் திகதி அந்தக் கடலில்தான் குமுதினிப் படகு மறிக்கப்பட்டு, பெண்களும் பிள்ளைகளுமாக அதில் பயணம் செய்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழியில் பாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தீவு மக்கள் அன்றாடம் சிரித்துப் பேசிக்கொண்டுதான் அந்தக் கடலைக் கடக்கிறார்கள். கட்டாயப்படுத்தி யாரையும் பாடவைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

யூன் 6

இனி நான் எழுத நினைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்போது வேலை செய்த நிறுவனம் ஒரு வதிவிடச் செயலமர்வு வைத்தது. வளவாளர் நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர், வெளியிலிருந்து வந்தவர். மண்டபத்தின் நிலத்தில் நீளமாக வெள்ளைத் தாளை விரித்து, ஒரு கோடு போட்டு, அதில் ஆண்டுகளைக் குறித்தார். ஒவ்வொருவரும் தமது வாழ்க்கையைத் திருப்பிய ஒரு நாளை ஒட்டுத்தாளில் எழுதி அந்தக் கோட்டில் ஒட்டவேண்டும். பிறகு எல்லோருக்கும் அதை விளக்கவேண்டும். திருமணம், பிள்ளை பிறந்தது, பல்கலைக்கழக அனுமதி, முதல் வேலை என்று வரும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். தொடக்கத்தில் அப்படித்தான் வந்தது.

எங்கள் கணக்காளர் ஒக்ரோபர் 30, 1995 என்று எழுதி ஒட்டினார். வலிகாமத்தில் இருந்த யாருக்கும் அந்த நாளை விளக்கத் தேவையில்லை. இராணுவம் நெருங்கி வருகிறது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த மழை இரவில் இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி, தென்மராட்சிக்கு நடந்தது. அவர் தன் தாயைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனவர். அதை அவர் சொல்லி முடித்த பின்னர், சோனகதெருவைச் சேர்ந்த எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் எழுந்துபோய், அதே ஒக்ரோபர் 30ஆம் திகதியை, ஐந்து ஆண்டுகள் முன்தள்ளி, 1990இல் ஒட்டினார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லி விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாள் அது. அவர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, திரும்பி வந்து, எங்களோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. வளவாளருக்கு இந்த இரண்டு திகதிகளும் என்னவென்று தெரிந்திருக்கவில்லை. அவரிடம் அடுத்த படிக்கான ஆயத்தமும் இல்லை. தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். இடைவேளைக்குப் பிறகு தாள் சுருட்டி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. திட்டமிட்டபடி இலக்கு நிர்ணயம் பற்றிய அடுத்த பாடம் தொடங்கியது.

ஒரு மனிதரைத் தன் காயத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, அதைப் பார்த்தபின் தேநீர் குடிக்கப் போவது பெரும் அநியாயம் என்று நான் அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுவும் மேலதிகாரிகள் இருக்கும் மண்டபத்தில், அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது.

யூன் 7

"அப்படியானால் பழைய கதை எதையுமே தொடக்கூடாதா, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கரம் விளையாடிவிட்டு வரவேண்டியதுதானா?" என்று கொக்குவில் நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நேற்று எழுதியதைத் திருப்பி வாசித்தபோது எனக்கும் அதே கேள்வி வந்தது.

அந்தச் செயலமர்வு முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு களஞ்சியப் பொறுப்பாளர் என்னிடம் ஒன்று சொன்னார். இந்த அலுவலகத்தில் இத்தனை காலம் வேலை செய்தும் தன்னிடம் யாரும் அந்த நாளைப் பற்றிக் கேட்டதில்லை, அன்று ஒட்டியது ஒட்டியதுதான், தனக்கு அதில் வருத்தமில்லை என்றார். கணக்காளரும் அவரும் அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடத் தொடங்கியதை நான் கண்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அது அவர்களுடையது.

மறுபக்கம், அதே மண்டபத்தில் இருந்த இன்னொரு பெண், முள்ளிவாய்க்காலில் தம்பியை இழந்தவர், "நல்லவேளை என்ரை முறை வர முதல் தேத்தண்ணி வந்திட்டுது" என்று என் காதில் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். ஒருவருக்கு ஆறுதலானது மற்றவருக்கு வதை. ஆகவே நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்கிறேன்: அந்தக் கதைகளுக்கு இடம் இருக்கவேண்டும், முறை வைத்துக் கேட்கக்கூடாது. பேசுபவர் தானாகப் பேசவேண்டும்; கேட்பவர் அந்த ஊரின் கதை தெரிந்தவராக இருக்கவேண்டும்; முகாமையாளர் அந்த நேரம் வேறிடத்தில் இருந்தால் நல்லது. வட்டமாக இருத்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகச் சொல்லவைப்பதுதான் மிகப் பெரிய கொடுமை, ஏனென்றால் அதில் பேசாமல் விடுவதே எல்லோர் கண்ணிலும் படுகிறது.

யூன் 7, பின்னர்

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டைப் பற்றியும் இருவர் எழுதியிருக்கிறார்கள். நம்பிக்கையை வளர்ப்பதற்காம். கண்ணைக் கட்டி வாகனத்தில் ஏற்றப்பட்ட ஆட்கள் வாழும் ஊர் இது. உங்கள் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அப்படி நடந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டாம். பின்பக்கமாக விழுந்து மற்றவர்கள் தாங்கிப்பிடிக்கும் விளையாட்டும் சேலை கட்டிய பெண்களுக்கும், ஆண் சகாக்கள் தொடுவதை விரும்பாதவர்களுக்கும் சங்கடம். அதுவும் வேண்டாம்.

யூன் 10

மொழி பற்றி ஒரு நீண்ட விவாதம் போய்க்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவிப் புகையிரதம் திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்புத் தலைமையகத்து ஆட்கள் ஒன்றுகூடல்களுக்கு இங்கே வருவது கூடிவிட்டது. நல்ல விடயம். ஆனால் அவர்கள் வந்ததும் நிகழ்ச்சி முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தர்கள், கிராமம் கிராமமாக மோட்டார் சைக்கிளில் திரிந்து எல்லாம் அறிந்தவர்கள், அந்த இரண்டு நாளும் வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசத் தெரிந்த, வேலையைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்த இருவர்தான் எல்லாக் குழுவுக்கும் அறிக்கை வாசித்தார்கள். தலைமையகம் அவர்கள் இருவரையும் திறமைசாலிகள் என்று எழுதிக்கொண்டு போனது. அந்த ஆண்டு பதவி உயர்வு யாருக்குக் கிடைத்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

பிறகு ஒரு தடவை நான் ஒழுங்குசெய்தபோது, குழு வேலையைத் தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியே வைத்து, முடிவுகளை மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு பகிர்ந்தோம். மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த பணம் மண்டப வாடகையைவிடக் கூடுதல். கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும். கடன் வசூலிப்பில் இருந்த ஒரு சிக்கலை வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் தமிழில் விளக்கியபோது, கொழும்பிலிருந்து வந்த சிங்களச் சகோதரி குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதினார். தங்களுக்கும் குருநாகலில் இதே சிக்கல் என்றார்.

யூன் 11

மது. ஆண்கள் சிலர் கோபப்படுவார்கள், பரவாயில்லை. போயா நாளில் மதுக்கடைகள் பூட்டு என்பதால் இந்தமுறை பிரச்சினை இராது என்று எழுதியவருக்கு: முதல் நாளே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு குடித்துவிட்டு பெண்கள் தங்கும் அறைப்பக்கம் சத்தம் போட்டதை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். காலையில் எல்லோரும் எதுவும் நடக்காததுபோல இடியப்பம் சாப்பிடுவார்கள். அந்தப் பெண்கள் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள். குழு உணர்வு இல்லாதவர்கள் என்ற பெயர் அவர்களுக்குத்தான் வரும். கேள்வி கேட்ட சகோதரி, நீங்கள் இரவு தங்குவதாக முடிவெடுத்தால், தங்குமிட ஒழுங்கைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சாரதிகளையும் துப்புரவுப் பணியாளரையும் பற்றி யாரும் எழுதவில்லையே. அவர்கள் ஒன்றுகூடலுக்கு வருகிறார்களா, அல்லது ஒன்றுகூடலுக்கு வேலை செய்ய வருகிறார்களா? சாரதி வெளியே வாகனத்துக்குள் படுத்திருக்க, உள்ளே நாங்கள் 'நாம் ஒரே குடும்பம்' என்று தாளில் எழுதி ஒட்டிய காட்சி எனக்கு இன்னும் மனதை அரிக்கிறது. வாகனத்தை வாடகைக்கு எடுத்தால் அலுவலகச் சாரதியும் ஒரு கதிரையில் இருக்கலாம்.

யூன் 24

கேள்வி கேட்ட சகோதரி திரும்பி வந்து எழுதியிருப்பது மகிழ்ச்சி. கடிதம் கொடுத்தாராம், முகாமையாளர் ஒரு நாள் முகம் கொடுக்கவில்லை, மறுநாள் இன்னும் நான்கு பேர் அதே கடிதத்துடன் போனார்களாம். கடைசியில் நெடுந்தீவு கைவிடப்பட்டு, கசூரினாவில் ஒரு பகல் மட்டும் என்று மாறியது. பயிற்சி சுமாராக இருந்தது, கூழ் காய்ச்சியதுதான் எல்லோரும் சேர்ந்து சிரித்த நேரம் என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு இது வியப்பில்லை. ஒடியல் கூழ் தனி ஆளால் காய்ச்சும் சாப்பாடு இல்லை. ஒருவர் ஒடியல் மாவை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவை, தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றி ஊற்றிக் காறலை எடுக்கவேண்டும், ஒருவர் நண்டு உடைக்கவேண்டும், ஒருவர் இறால் கோது கழற்றவேண்டும், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி வெட்டவேண்டும், செத்தல் மிளகாய் அரைக்கவேண்டும், புளி கரைக்கவேண்டும். அடுப்பு மூட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் முகாமையாளராக இருக்கமாட்டார். சாரதியோ காவலாளியோ முன்னுக்கு வந்து, "ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லும் அந்த நிமிடத்தில், எந்த வளவாளராலும் செய்யமுடியாத ஒன்று நடந்துவிடுகிறது. வேலை கையில் இருப்பதால் வாய் தன்பாட்டில் திறக்கும். பேச விருப்பமில்லாதவர் நண்டை உடைத்துக்கொண்டிருக்கலாம், அவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் யூன் 7இல் எழுதிய இடம் என்பது இதுபோன்ற இடம்.

யூன் 25

அடுத்த தடவை கூழ் வைக்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில். கடலுணவுக் கூழ் எங்கள் அலுவலகத்து முஸ்லிம் சகோதரர்கள் எல்லோரும் குடித்தார்கள். இறைச்சி சேர்ப்பதானால் மட்டும் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். சைவக்காரருக்கு வேறு பானை, வேறு அகப்பை, வேறு அடுப்பு; மச்சப் பானையில் இருந்து மீனை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். மரக்கறி மட்டும் போட்ட கூழும் நன்றாகவே வரும், முருங்கையிலையைக் கொஞ்சம் கூடப் போடுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களில் வைக்காதீர்கள்; அப்போது மச்சம் சாப்பிடுபவர்களிலும் பலர் விரதம் இருப்பார்கள். ஒடியல் மாவைக் காலையிலேயே ஊறவிடுங்கள், பயிற்சி தொடங்கிய பிறகு என்று விட்டால் மதியம் மூன்று மணியாகிவிடும். குடிப்பதற்குப் பிலாவிலை வேண்டிய அளவு கோலி, ஈர்க்கால் குத்திக் கொண்டுபோங்கள். கடற்கரையில் பிலாமரம் இராது.